மிஸ்டர் டி. ஆர். பிராட்னாக்ஸ் அவர்களுக்கு

வெதர்பி, ஜார்ஜியா
செப்டம்பர் 19, 1971

மதிப்பிற்குரிய டீன் பிராட்னாக்ஸ் அவர்களுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நான் சீடர் ஃபோர்க் கல்லூரியை விட்டுக் கிளம்பிய அன்று நீங்கள் வாசலுக்கு வரவில்லை. ஹேகுட் விடுதியின் மாடி ஜன்னலில் திரைச்சீலை மட்டும் கொஞ்சம் அசைந்தது. அது காற்றா நீங்களா என்று கேட்கப் போவதில்லை. பதினான்கு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்குள் அந்த அளவு கோபம் இருக்கத்தான் செய்யும்.

இந்த வெள்ளைக்காரக் கல்லூரியில் வேலை மோசமில்லை. இங்கே தாவரவியல் வகுப்பில் ஆளுக்கொரு நுண்ணோக்கி இருக்கிறது. நம் கல்லூரியில் ஒரே நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, "மிஸ் கோகர், சீக்கிரம் பாருங்க, பின்னால எல்லாரும் நிக்கிறாங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தேனே, அந்த ஏக்கம் தீர முதல் வாரம் முழுக்க நானே மாற்றி மாற்றிப் பார்த்தேன். இதற்காகத்தான் வந்தேன். வெள்ளைக்காரர்கள் மேல் ஆசைப்பட்டு வரவில்லை. நீங்கள் அப்படி நினைப்பதாக அங்கே நம்மோடு வேலை பார்க்கும் மிஸ் டாட்சன் சொன்னார்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். துறைத்தலைவர் டாக்டர் ஸ்ட்ரௌட் முதல் நாளே கை குலுக்கி, "இங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்குவோம், வில்லா. நீங்க என்னை கென்னுன்னே கூப்பிடலாம்" என்றார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "என்னை டாக்டர் லார்கின்ஸ்னு கூப்பிட்டா போதும்" என்றேன். சிரித்தார். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்துவிட்டார். மாணவர்கள் அவரை டாக்டர் என்கிறார்கள், பக்கத்து அறையில் இன்னும் பட்டம் முடிக்காத பையனையும் டாக்டர் என்கிறார்கள், என்னை மிஸ் வில்லா என்கிறார்கள். என் கதவில் பெயின்டர் 'வில்லா லார்கின்ஸ்' என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் அம்மா அந்தப் பெயரை வீட்டுக்குள் மட்டும்தான் கூப்பிட்டாள். இப்போது அது நடைபாதையில் கிடக்கிறது.

அறிவியல் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கட்டும்போது யாருக்கும் தோன்றவில்லையாம். நூலகம் வரை போகிறேன். மதியம் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் என் மேசையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருக்கின்றன. யாரும் எழுந்து போவதில்லை, அந்த அநாகரிகம் இல்லை. வந்து உட்காருவதில்லை, அவ்வளவுதான். சில நாள் சாயங்காலம் யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க வகுப்பில் தவிர வாயே திறக்கவில்லை என்று தெரிகிறது.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்,
டபிள்யூ. எம். லார்கின்ஸ்

*

ஹேகுட் விடுதி, சீடர் ஃபோர்க் கல்லூரி
அக்டோபர் 10, 1971

அன்புள்ள டாக்டர் லார்கின்ஸ்,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் திருந்தவில்லை.

திரைச்சீலை அசைந்தது காற்றினால்.

நீங்கள் போனதில் எனக்குக் கோபம் உண்டு, அதை மிஸ் டாட்சன் வழியாகச் சொல்லியிருக்கக் கூடாது. நேரே சொல்கிறேன். நம் கறுப்பர் பிள்ளைகளை வெள்ளைக்காரர்கள் தங்கள் கல்லூரியில் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நாமும் கேட்டோம், ஊர்வலம் போனோம். ஆனால் முதலில் எடுத்தது நம் நல்ல ஆசிரியர்களை. இந்த வருஷம் தாவரவியலை உடற்பயிற்சி ஆசிரியர் நடத்துகிறார். பூவின் படத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் செய்தது சரி. சிரித்தால் சிரிக்கட்டும், அடுத்த முறையும் அதையே சொல்லுங்கள். என் அப்பா தபால் ஆபீஸிலும் பாங்கிலும் எங்கள் யாருடைய முழுப்பெயரையும் கொடுத்ததில்லை. முதலெழுத்து மட்டும்தான் கொடுப்பார். முழுப்பெயர் தெரிந்தால் கடைக்காரர் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார், மிஸஸ் என்று வாயில் வராது. என் அம்மாவுக்கு அறுபது வயதிலும் அந்த ஊரில் வெள்ளைக்காரர் ஒருவர்கூட மிஸஸ் போட்டதில்லை. அதனால் நான் டி. ஆர். ஆனேன். அப்படியே இருக்கிறேன். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன விரிவு என்று நம் பெண்கள் பந்தயம் கட்டுவது எனக்குத் தெரியும். நீங்களும் கட்டியது தெரியும்.

இந்த வருஷமும் புதுப் பெண்கள் வந்த அன்று படிக்கட்டில் நின்றேன். "வாங்க, மிஸ் ஃபென்னல்" என்றேன். டிரங்குப் பெட்டியோடு வந்த அந்தப் பெண் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று. ஒவ்வொரு வருஷமும் திரும்பிப் பார்க்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது நின்றுவிடும். நான் இத்தனை காலம் செய்த வேலை அதுதான், வேறொன்றுமில்லை.

ஆண்கள் டீன் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை, பெண்கள் டீன் வேலையோடு அந்த வேலையும் என் தலையில்தான். நம் கல்லூரியையும் நீங்கள் போயிருக்கும் கல்லூரியையும் இணைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. எனக்கு இந்த விடுதியின் இரண்டு அறையைத் தவிர வேறு வீடு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

சாப்பிடும்போது ஓரத்தில் உட்காராதீர்கள். நடு மேசையில் உட்காருங்கள்.

டி. ஆர். பிராட்னாக்ஸ்

*

வெதர்பி
பிப்ரவரி 13, 1972

மதிப்பிற்குரிய டீன் பிராட்னாக்ஸ் அவர்களுக்கு,

நடு மேசையில்தான் உட்காருகிறேன். இப்போது என்னைச் சுற்றி நான்கு பக்கமும் காலியாக இருக்கிறது.

நீதிமன்றம் சொல்லிவிட்டது, செப்டம்பர் முதல் ஒரே கல்லூரி. இணைப்புக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். எட்டு ஆண்கள், நான். இன்னொரு விதமாக எண்ணினால் ஏழு வெள்ளைக்காரர்கள், உங்கள் தலைவர் டாக்டர் ப்யூரிஃபாய், நான். கறுப்பரும் வேண்டும், பெண்ணும் வேண்டும், ஒரே நாற்காலியில் இரண்டையும் உட்காரவைத்துவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே துணைத்தலைவர் மிஸ்டர் ஹாஸ்க்யூ நோட்டை என் பக்கம் தள்ளினார். "வில்லா, நீங்க குறிப்பு எடுங்களேன். பொம்பளைங்க எழுத்து அழகா இருக்கும்." என் கையெழுத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை அவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். தள்ளியதைத் திருப்பித் தள்ளினேன்.

இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பெரிய பதவிகளில் ஒன்றாவது சீடர் ஃபோர்க் ஆளுக்குப் போக வேண்டும் என்பது நீதிபதியின் உத்தரவு. மாணவர் டீன் பதவியைக் கொடுத்துவிடலாம் என்று இவர்களே பேசி முடித்திருக்கிறார்கள். யாருக்கு என்று வந்தபோது டாக்டர் ப்யூரிஃபாய், "எங்க கிட்ட டீன் பிராட்னாக்ஸ் இருக்காங்க, இருபத்தாறு வருஷமா" என்றார். நானும் சொன்னேன், டீன் பிராட்னாக்ஸ் போல ஆள் கிடைக்காது என்று. நாம் உங்களை வேறு எப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறோம்? நம் கல்லூரியிலிருந்து அனுப்பியிருந்த விவரத்தை ஹாஸ்க்யூ புரட்டினார். அதிலும் டீன் டி. ஆர். பிராட்னாக்ஸ் என்றுதான் இருந்தது.

"மிஸ்டர் பிராட்னாக்ஸ் ரொம்பக் கண்டிப்பான ஆள் போல. ஊரெல்லாம் கலாட்டா நடந்தப்பகூட அங்க ஒரு ஜன்னல் உடையல. எனக்குப் பிடிச்சிருக்கு அந்த மனுஷன" என்றார்.

வாயைத் திறந்தேன். டாக்டர் ப்யூரிஃபாய் ஒருமுறை இருமினார். மூடிக்கொண்டேன். ஏழு பேரும் மிஸ்டர் பிராட்னாக்ஸ், மிஸ்டர் பிராட்னாக்ஸ் என்று மாறி மாறிப் புகழ்ந்தார்கள். ஒருவர்கூட பக்கத்து ஊரிலிருக்கும் நம் கல்லூரிக்கு வந்து எட்டிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கை தூக்கச் சொன்னார். ஒன்பது கையும் மேலே போனது, டீன். வெள்ளைக்காரர்கள் உங்களுக்காக ஒரே மூச்சில் கை தூக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஏப்ரலில் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம். நான் என்ன செய்யட்டும்? இப்போதே சொல்லிவிடவா, பேசாமல் இருக்கவா?

உங்கள்,
டபிள்யூ. எம். லார்கின்ஸ்

*

ஹேகுட் விடுதி
மார்ச் 5, 1972

அன்புள்ள டாக்டர் லார்கின்ஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே ஒரு பதில் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

முதலில் எழுதியது இது: என்னை ஆம்பளையாக்கி என் வேலையை எனக்கே வாங்கித் தருகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. உங்கள் வாய்க்கு என்ன வந்தது? டாக்டர் ப்யூரிஃபாய் இருமினால் இருமட்டும், அவருக்கு எப்போதுமே நெஞ்சு பலவீனம், அதுவும் உண்மை பேச வேண்டிய இடத்தில்.

அதைக் கிழித்ததற்குக் காரணம், எழுதி முடித்த பிறகும் எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும் என்று இருந்தது. நம் பெண்கள் செப்டம்பரில் அந்தப் பெரிய கல்லூரிக்குள் போவார்கள். அங்கே அவர்களை மிஸ் என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள், உங்களையே யாரும் கூப்பிடுவதில்லை. நான் அங்கே டீன் மேசையில் இருந்தால் அதற்கு ஒரு ஆள் இருக்கும். இல்லையென்றால் அதுவும் இருக்காது.

நேற்று குழுவின் அழைப்பு உறை வந்தது. மேலே 'மிஸ்டர் டி. ஆர். பிராட்னாக்ஸ் அவர்களுக்கு' என்று டைப் செய்திருந்தது. அதை மேசை மேல் வைத்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்தேன். வாழ்நாளில் வெள்ளைக்காரர் கையிலிருந்து எனக்கு வந்த முதல் மரியாதை அது, அதுவும் வேறு ஒருவருக்கு.

முடிவு செய்துவிட்டேன். நான் பொய் சொல்ல மாட்டேன். பெண்ணாகப் பிறந்ததற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கடிதமும் போட மாட்டேன். அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிறேன். என்னைப் பார்த்து, என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்டு, பிறகு வேண்டாம் என்று சொல்லட்டும். நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

கருநீலத் தொப்பியைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்காத அதே தொப்பிதான்.

டி. ஆர். பிராட்னாக்ஸ்

*

வெதர்பி
ஏப்ரல் 23, 1972

மதிப்பிற்குரிய டீன் பிராட்னாக்ஸ் அவர்களுக்கு,

கூட்டம் முடிந்து வெளியே ஓடிவந்தேன். உங்கள் கார் ஏற்கெனவே கேட்டைத் தாண்டிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டீர்கள். அந்த அறைக்குள் இருந்தபோதும் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

ஹாஸ்க்யூ எழுந்து நின்று, உங்கள் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?" என்று கேட்டாரே. நீங்கள் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "வண்டிய ஓட்டிட்டு வந்ததே நான்தான். டீன் பிராட்னாக்ஸ்" என்றீர்கள். டீன், அந்த ஒரு நிமிஷத்துக்காக இங்கே தனியாகச் சாப்பிட்ட அத்தனை சாப்பாட்டையும் மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்கள் பதில் சொன்னீர்கள். ஒன்றிலும் தடுமாறவில்லை. தடுமாறியது அவர்கள்தான்.

உங்களை வெளியே உட்காரச் சொன்ன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

முதலில் குழுவிலிருக்கும் ஸ்ட்ரௌட், "அந்தம்மா கெட்டிக்காரிதான், மறுக்கல. ஆனா ஆயிரக்கணக்குல ஆம்பளப் பசங்க இருக்காங்க. குடிச்சிட்டு வர்றவன ஒரு பொம்பள போய்க் கேக்க முடியுமா?" என்றார். நீங்கள் அங்கே அதைத்தான் செய்துவருகிறீர்கள் என்றேன். "சின்னக் காலேஜ்ல செய்யலாம்" என்றார். பிப்ரவரியில் இதே ஆளுக்குத்தானே கை தூக்கினீர்கள் என்றேன். ஹாஸ்க்யூ கொஞ்சம் சிவந்து, "அது வேற ஆளுக்கு, வில்லா" என்றார்.

பெண்கள் விடுதிக்குக் கண்காணிப்பாளராக உங்களை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். டீன் பதவிக்கு ஹோசியா டில்லரியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆமாம், உங்களிடம் உதவியாளராக இருக்கும் அதே டில்லரி. டாக்டர் ப்யூரிஃபாய்தான் பெயரைச் சொன்னார். நான் மட்டும் கை தூக்கவில்லை. ஹாஸ்க்யூவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "உங்க ஆள்தானே அவரும்? ஒரு இடம் கேட்டீங்க, குடுத்தாச்சு. இன்னும் என்ன குறை?" என்றார். யார் என் ஆள் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

எல்லாரும் ஒத்துக்கொண்டதாக அறிக்கை போகக் கூடாது என்று என் மறுப்பைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். நான் மாடிப்படி இறங்கும்போது ஸ்ட்ரௌட் கூடவே வந்து, அடுத்த வருஷம் என் நிரந்தர வேலை பரிசீலனைக்கு வருவதை ஞாபகப்படுத்தினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள்.

என் மேல் என்ன கோபம்? சொல்லுங்கள்.

உங்கள்,
டபிள்யூ. எம். லார்கின்ஸ்

*

ஹேகுட் விடுதி
ஜூன் 4, 1972

அன்புள்ள டாக்டர் லார்கின்ஸ்,

பட்டமளிப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது. சீடர் ஃபோர்க் என்ற பெயரில் இதுதான் கடைசி. நானே நின்று ஒவ்வொரு பெண்ணையும் மிஸ் போட்டுக் கூப்பிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுப்பு எழுதியதற்கு நன்றி. அதன் விலை உங்களுக்குத் தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். நான் அதை மறக்க மாட்டேன்.

மிஸ்டர் டில்லரி வந்தார். கையில் தொப்பியை வைத்துத் திருகிக்கொண்டு, "டீன், நீங்க வேணாம்னு சொல்லுங்க, நான் இத எடுத்துக்கல" என்றார். அவருக்கு மூன்று குழந்தைகள். வேண்டாம் என்றால் அவர்கள் டில்லரியை விட்டுவிட்டு என்னையா கூப்பிடப் போகிறார்கள்? எடுத்துக்கொள்ளச் சொன்னேன். விடுதிக் கண்காணிப்பாளர் வேலை எனக்கு வேண்டாம் என்றும் எழுதிப் போட்டுவிட்டேன். எந்த வீட்டில் நான் எஜமானியாக இருந்தேனோ அதே வீட்டில் சாவிக்கொத்தோடு நடமாட எனக்கு வராது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்களுக்கே தெரியும் என்று நினைத்தேன். தெரியாவிட்டால் அது இன்னும் வருத்தம்.

அந்த அறையில் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தொண்டை கட்டியது. மிஸ்டர் ஹாஸ்க்யூ விரலைச் சொடுக்கவில்லை, அந்த மட்டில் சரி. "வில்லா, அந்தம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க" என்றார். மேசையைச் சுற்றி எட்டு ஆண்கள். தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டாக்டர் ஸ்ட்ரௌட். நீங்கள் எழுந்தீர்கள், மேசையைச் சுற்றிப் போனீர்கள், கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். வில்லா என்று கூப்பிட்டதும் எழுந்தீர்கள்.

எனக்குத் தாகம். அதனால் குடித்தேன். அந்தத் தண்ணீர் இன்னும் தொண்டையில் நிற்கிறது. உங்களைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்றுதான் பார்க்காமல் போனேன்.

கிளீவ்லாந்தில் என் தம்பி ஏமஸ் மாடியில் ஒரு அறை ஒழித்துத் தருகிறான். மாதக் கடைசியில் போகிறேன்.

டி. ஆர். பிராட்னாக்ஸ்

*

வெதர்பி
செப்டம்பர் 10, 1972

மதிப்பிற்குரிய டீன் பிராட்னாக்ஸ் அவர்களுக்கு,

மூன்று மாதமாகத் தண்ணீரைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் வக்கீல் வாதம் மாதிரி வருகிறது. கடைசியில் மிச்சம் இவ்வளவுதான்: உங்கள் குரல் உடைவதைக் கேட்டேன், அந்த ஆட்கள் முன்னால் அது உடையக் கூடாது என்று என் கால் எழுந்துவிட்டது. அவர் கூப்பிட்டதற்கு எழுந்தேனா, உங்கள் தொண்டைக்கு எழுந்தேனா என்று நேர்மையாகச் சொன்னால் எனக்கே தெரியாது. ஒரு வருஷமாகக் காலையிலிருந்து மாலை வரை வில்லா, வில்லா என்று கேட்டால் உடம்பு பழகிவிடுகிறது, டீன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை புதுப் பெண்கள் வரும் நாள். சீடர் ஃபோர்க்குக்கு இப்போது தெற்கு வளாகம் என்று பெயர். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தும் பஸ் பிடித்துப் போனேன். ஹேகுட் விடுதி வாசலில் ஒரு மேசை போட்டு, ஒரு வெள்ளைக்காரப் பெண் எல்லார் சட்டையிலும் பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். "ஹாய், நான் டெபி. நீ லோரீனா? வா, வா." நல்ல பிள்ளைதான், சிரித்த முகம். நான் அவளைத் தாண்டிப் படிக்கட்டில் ஏறி நின்றேன். நீங்கள் நிற்கும் மூன்றாவது படி.

ஒரு பெண் அப்பாவோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டியில் பெயர் எழுதியிருந்தது. "வாங்க, மிஸ் ஆப்டன்" என்றேன். திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார்.

மதியம் வரை நின்றேன். என் குரல் உங்கள் குரல் மாதிரி வரவில்லை, நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுவில் டீன் டில்லரி வந்தார், அவரை அப்படிச் சொல்ல இன்னும் நாக்கு கூசுகிறது. என்னைப் போகச் சொல்ல வந்தார் என்று நினைத்தேன். ஆனால் கீழ்ப்படியில் நின்று பெட்டிகளை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார். எல்லாரும் போன பிறகு, "அவங்க இருந்தா என் டைய சரி பண்ணச் சொல்லியிருப்பாங்க" என்றார். டை கோணலாகத்தான் இருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது உங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தேன். திரைச்சீலையைக் கழற்றிவிட்டார்கள்.

உங்கள்,
டபிள்யூ. எம். லார்கின்ஸ்

*

கிளீவ்லாந்து, ஒஹாயோ
நவம்பர் 12, 1972

அன்புள்ள டாக்டர் லார்கின்ஸ்,

பதில் தாமதம். ஏமஸ் போன மாதம் இறந்துவிட்டான். மார்பு வலி என்றான், உட்கார்ந்தான், அவ்வளவுதான். அடக்கம் நல்லபடி நடந்தது. அவன் மனைவி என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறாள். அவளும் என்னை டீன் என்றுதான் கூப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 'பை' என்ற பலகாரம் செய்தாள், இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம், மீதி அப்படியே இருக்கிறது.

நீங்கள் படிக்கட்டில் நின்றதைப் பற்றி எழுதியதை நிறைய தடவை படித்தேன். மிஸ் ஆப்டனின் அப்பா தொப்பியைக் கழற்றிய இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறேன். அடுத்த வருஷம் குரலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், நடுக்கம் போய்விடும். எனக்கும் முதல் வருஷம் நடுங்கியது.

தண்ணீர் கதை முடிந்தது. நான் குடித்தேன், எனக்கு அது தேவையாக இருந்தது. அந்த அறையில் வேறு யார் கொடுத்திருந்தாலும் குடித்திருக்க மாட்டேன்.

போன வாரம் இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன், பெரிதாக ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம். கவுன்டரில் இருந்த பெண் நம் பெண்தான், இருபது வயது இருக்கும். பெயர் கேட்டாள். டி. ஆர். பிராட்னாக்ஸ் என்றேன். "'டி'ன்னா என்னம்மா?" என்றாள். சொல்லவில்லை. "உங்கள வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றாள், அன்பாகத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கூப்பிட்டாள், அப்பா கூப்பிட்டார், ஏமஸ் கூப்பிட்டான். இனி யாரும் இல்லை. மரியாதை இல்லாதவர்கள் வாயில் விழக் கூடாது என்று இத்தனை காலம் அந்தப் பெயரைப் பூட்டி வைத்தேன், பிரியமானவர்களுக்கும் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேன். அந்தப் பெண் முன்னால் நின்றுகொண்டு அழுதேன், டாக்டர் லார்கின்ஸ். அவள் பயந்துபோய் ஒரு நாற்காலி கொண்டுவந்தாள்.

என் பெயர் டெம்பரன்ஸ் ரூத். வீட்டில் டெம்பி. பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

அடுத்த கடிதத்தை அந்தப் பெயருக்கு எழுதுங்கள். ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். உங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்றைக்குத் திரைச்சீலையை அசைத்தது காற்றில்லை.

டெம்பி பிராட்னாக்ஸ்

*

வெதர்பி
நவம்பர் 26, 1972

அன்புள்ள டெம்பி,

எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர். சொல்லும்போது உங்கள் தொப்பி ஞாபகத்துக்கு வரவில்லை, சின்னப் பெண் ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள்.

ஏமஸைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், வந்து சொல்கிறேன். அந்தக் கிழங்குப் பலகாரம் மறுபடி செய்தால் ஒரு துண்டு எனக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரௌட் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நிரந்தரம் இல்லை. "ஒத்துப்போற சுபாவம் கொஞ்சம் வேணும், வில்லா" என்றார். இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாம். இருப்பேன். செப்டம்பரில் அந்தப் படிக்கட்டில் நிற்க ஆள் வேண்டும். அதற்கப்புறம் தெரியவில்லை.

பயமாக இருக்கிறது, டெம்பி. உங்களிடம் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் பெயரைக் கொடுத்துவிட்டதால் பதிலுக்கு என்னையும் வில்லா என்று எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தப் பெயரை இங்கே எல்லாரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே அது அந்நியமாகிவிட்டது. நீங்கள் மட்டும் எப்போதும் போல டாக்டர் லார்கின்ஸ் என்றே எழுதுங்கள். அப்படிக் கூப்பிட எனக்கு வேறு யாரும் இல்லை.

உங்கள்,
டாக்டர் லார்கின்ஸ்